வட்டு சொல்லும் எண்

3 டெராபைட் என்று பெட்டியில் அச்சிட்ட புது ஹார்ட் டிஸ்க். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த பழைய கணினியில் அதை மாட்டி ஆன் செய்தால் திரையில் தெரிவது 746 ஜிபி. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "ஃபார்மேட் போட்டுப் பாருங்க சார், சரியாயிடும்" என்பார்கள். வீட்டுக்கு வந்து ஃபார்மேட் போட்டாலும் அதே 746. வேறு ஊரில் வேறு நிறுவனத்தின் 3 டெராபைட் வட்டை வாங்கி, இதே போன்ற கணினியில் மாட்டியவருக்கும் 746-தான் தெரியும். 700 இல்லை, 750 இல்லை, கச்சிதமாக 746.

கெட்டுப்போகும் வட்டு இவ்வளவு ஒழுங்காகக் கெடாது. எல்லாருக்கும் ஒரே எண் வருகிறது என்றால் அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்க வேண்டும். நாம் தவறு என்று ஒதுக்கும் அந்த எண்ணே தவறு எங்கே நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: கணினி தன்னோடு இணைத்த வட்டை அளந்து பார்ப்பதே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிறது, அவ்வளவுதான். வட்டின் பரப்பு செக்டர் எனப்படும் சிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நெடுங்காலமாக ஒரு செக்டர் என்றால் 512 பைட். கணினி உயிர் பெற்றதும், உன்னைப் பற்றிச் சொல் என்ற பொருளில் வட்டுக்கு ஒரு கட்டளை போகும். வட்டும் கணினியும் பேசிக்கொள்ளும் விதிகளான ஏடிஏ தரவரையறையில் அதன் பெயர் ஐடென்டிஃபை டிவைஸ். வட்டு 512 பைட் நீளத்தில் பதில் அனுப்பும். மாடல் பெயர், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு, இவற்றோடு தன்னிடம் மொத்தம் எத்தனை செக்டர் என்ற எண்ணிக்கையும் அதில் இருக்கும்.

அந்த எண்ணிக்கையை மதர்போர்டின் பயாஸ் வாங்கிக்கொள்கிறது. விண்டோஸோ லினக்ஸோ தன் டிரைவர் மென்பொருள் வழியாகத் தனியே வாங்கிக்கொள்கிறது. வட்டின் தொடக்கத்தில் எழுதியிருக்கும் பார்ட்டிஷன் அட்டவணை வேறொரு எண்ணை வைத்திருக்கிறது. பார்ட்டிஷனுக்குள் இருக்கும் கோப்பு முறைமை இன்னுமொன்றை. நாம் கடைசியில் திரையில் பார்ப்பது இத்தனை கை மாறி வந்த செய்தி. ஒவ்வொரு கைக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ள ஒதுக்கிய இடம் வேறு வேறு அகலம். அங்கேதான் சிக்கல் பிறக்கிறது.

931 ஒரு கோளாறே இல்லை

அதிகம் பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நகரலாம். 1 டெராபைட் வட்டு விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிந்தால் எந்தக் குறையும் இல்லை. வட்டு தயாரிப்பவர்கள் ஜிகாபைட்டை நூறு கோடி பைட்டாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் அதை 107,37,41,824 பைட்டாக, அதாவது 1,024-ஐ மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது. ஒரு லட்சம் கோடியை அந்த எண்ணால் வகுத்தால் 931.32. இதே கணக்கில் 500 ஜிபி வட்டு 465 ஆகத் தெரியும். 2 டெராபைட் வட்டு 1.81 ஆக, 4 டெராபைட் 3.63 ஆக. அலகு பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் வளரும். கிலோபைட்டில் 2.4 சதவீதம், ஜிகாபைட்டில் 7.4, டெராபைட்டில் ஏறத்தாழ 10.

அமெரிக்காவில் இதற்காக வழக்கே போட்டார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2006-ல் சமரசத்துக்கு வந்து, வழக்குக்குள் வந்த வாடிக்கையாளர்களுக்கு பேக்கப் மென்பொருளை இலவசமாகத் தர ஒப்புக்கொண்டது. சீகேட் 2007-ல் விலையில் 5 சதவீதத்தையோ மென்பொருளையோ தருவதாகச் சொன்னது. என் கணிப்பில் இந்த விஷயத்தில் வட்டுக்காரர்கள் பக்கம்தான் நியாயம். கிலோ என்றால் ஆயிரம் என்பதை மாற்றியவர்கள் அவர்கள் இல்லை. 1998-லேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்கு கிபி, மெபி, கிபி... என்று உச்சரிப்பிலேயே குழப்பும் தனி முன்னொட்டுகளைக் கொடுத்துவிட்டது. விண்டோஸ் அவற்றைச் சட்டை செய்யவில்லை. ஆப்பிள் 2009-ல் ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து ஆயிரக் கணக்குக்கு மாறியது. அதனால் மேக் கணினியில் அதே வட்டு 1 டெராபைட்டாகவே தெரியும். இரண்டு கணக்கையும் ஒரே எண்ணில் கலந்த அபத்தமும் நடந்திருக்கிறது. 1.44 எம்பி ஃப்ளாப்பி என்று ஒரு தலைமுறை சொல்லிக்கொண்டிருந்தது 1,440 முறை 1,024 பைட். அது இந்தக் கணக்கிலும் 1.44 மெகாபைட் இல்லை, அந்தக் கணக்கிலும் இல்லை.

இதைவிடப் பயனுள்ள ஒரு தகவல் உண்டு. 1 டெராபைட் வட்டு ஒன்றின் மேல் ஒட்டியுள்ள காகிதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 1,953,525,168 என்ற எண் அச்சாகியிருக்கும். அதுதான் செக்டர் எண்ணிக்கை. எந்த நிறுவனத்தின் வட்டாக இருந்தாலும் இதே எண்தான் இருக்கும். கடைசி இலக்கம்வரை மாறாது. இடிமா என்ற வட்டுத் தொழில்துறைச் சங்கம் வகுத்த ஒரு சூத்திரத்திலிருந்து அது வருகிறது. ஒரு நிறுவனத்தின் வட்டு பழுதானால் இன்னொரு நிறுவனத்தின் வட்டை ஒரு செக்டர்கூடக் குறையாமல் அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 3 டெராபைட்டுக்கு அதே சூத்திரம் தரும் எண் 5,860,533,168. 746-ன் முடிச்சை அவிழ்க்க இது வேண்டும்.

சுவர்களின் வரிசை

கணினி வட்டுகளின் வரலாற்றை, யாரோ போதும் என்று நினைத்த ஓர் எண் போதாமல் போன கதையாகவே எழுதிவிடலாம். ஒவ்வொரு முறையும் வட்டு ஒரு சுவரில் போய் முட்டியது; ஒவ்வொரு சுவரும் தன் உயரத்தைத் திரையில் விட்டுச் சென்றது.

முதல் சுவர்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் தனித்தனியாக யாரும் தவறு செய்யவில்லை. அந்தக் காலத்தில் செக்டருக்கு ஒரே வரிசை எண் கிடையாது. எந்த சிலிண்டர், எந்த ஹெட், அதில் எத்தனையாவது செக்டர் என்று மூன்று எண்களாகச் சொல்ல வேண்டும். பயாஸ் சிலிண்டருக்கு 10 பிட், ஹெட்டுக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட் ஒதுக்கியிருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டால் 8.4 ஜிபிவரை போகலாம். வட்டின் பக்கம் ஏடிஏ முறை சிலிண்டருக்கு 16, ஹெட்டுக்கு 4, செக்டருக்கு 8 பிட் ஒதுக்கியது. அது மட்டும் என்றால் 130 ஜிபிக்கு மேலேயே போகும். இரண்டையும் சேர்த்து வைத்தபோது ஒவ்வொரு எண்ணிலும் சிறிய ஒதுக்கீடே செல்லுபடியானது: 10, 4, 6. செக்டர் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால் 64-க்குப் பதில் 63. ஆக 1,024 முறை 16 முறை 63 முறை 512, மொத்தம் 52.8 கோடி பைட். இரண்டு தாராளமான ஏற்பாடுகள் கைகோத்து ஒரு கஞ்சத்தனமான எல்லையை உண்டாக்கின. 1990-களின் நடுவில் பெரிய வட்டு வாங்கியவர்கள் 504 எம்பி என்ற எண்ணை இப்படித்தான் சந்தித்தார்கள்.

அதைத் தாண்ட பயாஸ் ஒரு தந்திரம் செய்தது. ஹெட் எண்ணிக்கையை 255 என்று பொய்யாகப் பெருக்கிக் காட்டி, சிலிண்டரைக் குறைத்துக்கொண்டது. உள்ளே இருப்பது மூன்று நான்கு ஹெட்தான். 255 ஹெட் உள்ள வட்டு உலகில் எங்கும் இல்லை. 8.4 ஜிபிவரை இந்தப் பொய் தாங்கியது. பிறகு செக்டர்களுக்குப் பூஜ்யத்திலிருந்து ஒரே வரிசையில் எண் கொடுக்கும் முறை நிலைத்தது. நடுவே சில பயாஸ்கள் 33.8 ஜிபியில் தடுக்கி விழுந்தன. சில கணினிகள் வட்டைக் கண்டதுமே உறைந்துபோயின. அதைச் சமாளிக்க, வட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஜம்பரைச் செருகினால் வட்டு தன்னை 32 ஜிபி என்று குறைத்துச் சொல்லும்படி தயாரித்தார்கள். பழைய ஐடிஇ வட்டு ஒன்று இன்று உங்கள் கையில் கிடைத்து, 80 ஜிபி என்று ஒட்டியிருந்தும் 32 என்று காட்டினால், முதலில் அந்த ஜம்பரைப் பாருங்கள்.

அடுத்த சுவர் 137 ஜிபி. ஒரே வரிசை எண்ணுக்கு 28 பிட் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டின் 28-ஆம் அடுக்கு 26.8 கோடி செக்டர், 512-ஆல் பெருக்கினால் 137 ஜிபி, விண்டோஸ் கணக்கில் 128. ஏடிஏ-6 தரம் இதை 48 பிட்டாக ஆக்கியது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த அறிவு 2002-ல் முதல் சர்வீஸ் பேக்கோடுதான் வந்தது. 160 ஜிபி வட்டில் பழைய எக்ஸ்பியை நிறுவியவர்கள் 128 என்ற எண்ணைப் பார்த்துக் குழம்பினார்கள். குழம்பியவர்கள் பாக்கியசாலிகள். வட்டின் முழு அளவும் தெரிந்திருந்து, எழுதும் மென்பொருளுக்கு மட்டும் 28 பிட்டுக்கு மேல் தெரியாத கணினிகளில் நடந்தது இதைவிட மோசம்.

அது ஏன் என்று தெரிந்தால் 746-ம் தெரிந்துவிடும்.

746 எப்படி வந்தது

ஓர் எண் தனக்கு ஒதுக்கிய இடத்தை மீறும்போது இரண்டில் ஒன்று நடக்கலாம். ஒன்று, எல்லையோடு நின்றுவிடும். இல்லையென்றால் மேலே உள்ள இலக்கம் உதிர்ந்து மிச்சம் மட்டும் தங்கும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குவது போல.

32 பிட்டில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4,294,967,296. 3 டெராபைட் வட்டின் செக்டர் எண்ணிக்கை 5,860,533,168. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள்: 1,565,565,872. அதை 512-ஆல் பெருக்கி விண்டோஸின் ஜிகாபைட்டால் வகுத்தால் 746.52. செக்டர் எண்ணிக்கையை 32 பிட் பெட்டியில் போட்ட ஏதோ ஒரு மென்பொருள், மேலே வழிந்ததைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிட்டது. இன்டெல் சிப்செட் கொண்ட கணினிகளில் இந்தக் குற்றவாளி பெரும்பாலும் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி என்ற டிரைவரின் 10.1-க்கு முந்தைய பதிப்பு. டிரைவரைப் புதுப்பித்ததும் வட்டு முழுதாகத் தெரியும். பழைய யுஎஸ்பி டாக் கருவிகளும் இதே தவறைச் செய்யும். அவற்றுக்குப் பெரும்பாலும் வைத்தியம் கிடையாது, வேறு வாங்க வேண்டியதுதான். 4 டெராபைட் வட்டில் இதே கோளாறு 1,678 ஜிபி என்று தெரியும். 8 டெராபைட் வட்டில் வழிதல் மூன்று முறை நடந்துவிடுவதால் 1,308.

ஆனால் 746 என்ற எண் இன்னொரு இடத்திலும் தலைகாட்டும், அங்கே அதன் பொருள் வேறு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் கீழ்ப் பாதியில் ஒவ்வொரு வட்டும் ஒரு வரிசையாக இருக்கும். இடது ஓரத்தில் வட்டின் மொத்த அளவு, வலப்பக்கம் பார்ட்டிஷன்கள். இடது ஓரத்திலேயே 746 என்று இருந்தால் மேலே சொன்ன வழிதல். இடது ஓரத்தில் 2,794 ஜிபி என்று சரியாக இருந்து, வலப்பக்கம் 2,048 ஜிபி ஒரு கட்டம், 746.52 ஜிபி "ஒதுக்கப்படாதது" என்று இன்னொரு கட்டம் இருந்தால் டிரைவர் நிரபராதி, அட்டவணைதான் பழையது. எம்பிஆர் எனப்படும் அந்தப் பார்ட்டிஷன் அட்டவணை 1983-ல் பிசி டாஸ் 2.0-வோடு வந்தது. பார்ட்டிஷனின் தொடக்கத்தையும் நீளத்தையும் 32 பிட்டில் எழுதுகிறது. ஐபிஎம் தன் கணினியில் 10 எம்பி வட்டை வைத்து விற்ற ஆண்டு அது. 2 டெராபைட் எல்லை அன்று யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணைக்கு மாற்றினால் இந்த எல்லை போய்விடும். வெறும் வட்டு என்றால் வலது கிளிக்கில் மாற்றிவிடலாம். தரவு இருக்கும் வட்டு என்றால் முதலில் பேக்கப். விண்டோஸை அந்த வட்டிலிருந்தே ஏற்ற வேண்டும் என்றால் மதர்போர்டு யுஇஎஃப்ஐ முறையை ஆதரிக்கவும் வேண்டும்.

இப்போது ஆபத்துக்கு வருவோம். மேல் இலக்கம் உதிர்வது படிக்கும்போது மட்டும் நடப்பதில்லை. எல்லையைத் தாண்டிய செக்டரில் எழுது என்ற கட்டளையிலும் அதே இலக்கம் உதிரும். அப்போது அந்தத் தரவு வட்டின் தொடக்கத்தில் போய் விழும். அங்கே இருப்பது பார்ட்டிஷன் அட்டவணையும் கோப்பு முறைமையின் தலைப்பகுதியும். வட்டு பாதிக்கு மேல் நிறையும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடி, ஒரு நாள் காலையில் எதுவும் திறக்காமல் போகும் விபத்து இதுதான். ஆகவே 746 என்று காட்டும் வட்டைச் "சரி, இருக்கிறவரைக்கும் பயன்படுத்துவோம்" என்று வைத்துக்கொள்ளக் கூடாது. இன்று 746 என்று நம்பும் கணினியில் எழுதியதை, நாளை முழு அளவு தெரிந்த கணினியில் மாட்டினால் அங்கேயும் கதை கந்தல்.

எட்டில் ஒரு பங்கு

யுஎஸ்பி பெட்டிக்குள் வந்த 4 டெராபைட் வட்டு. பெட்டியின் சர்க்யூட் பழுதாகிவிட்டது. வட்டைக் கழற்றி நேரே கணினியில் மாட்டுகிறீர்கள். 465 ஜிபி பார்ட்டிஷன் ஒன்று தெரிகிறது, திறந்தால் ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள். தரவு அத்தனையும் பத்திரமாக இருக்கிறது.

4,000-ஐ எட்டால் வகுத்தால் 500. 500 ஜிபி விண்டோஸில் 465. எட்டு எங்கிருந்து வந்தது? 2 டெராபைட் எல்லையை எக்ஸ்பி போன்ற பழைய விண்டோஸிலும் தாண்ட, பெட்டி தயாரித்தவர்கள் ஒரு குறுக்குவழி கண்டார்கள். உள்ளே வட்டு 512 பைட் செக்டர்களைத் தந்தாலும், பெட்டியின் சர்க்யூட் எட்டெட்டாகச் சேர்த்து 4,096 பைட் செக்டர்களாகக் கணினிக்குக் காட்டியது. அட்டவணையின் 32 பிட் இப்போது 16 டெராபைட்வரை தாங்கும். அந்த அட்டவணையில் எழுதிய செக்டர் எண்ணிக்கை 4,096 பைட் கணக்கில் ஆனது; பெட்டி இல்லாமல் 512 கணக்கில் படித்தால் எல்லாம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். தொடக்க இடமும் தவறாகவே கணக்காகும், அதனால்தான் உள்ளே எதுவும் இல்லாதது போலத் தோன்றுகிறது. அதே வகைப் பெட்டி ஒன்று கிடைத்தால் மாட்டினாலே போதும். லினக்ஸ் தெரிந்தவர்கள் பெட்டி இல்லாமலும் சரியான இடத்தைக் கணக்கிட்டு மவுன்ட் செய்துவிடுவார்கள்.

வட்டு நலம், இடம்தான் இல்லை

இடது ஓரத்தில் அளவு சரியாக இருந்து, இடம் மட்டும் எங்கோ போய்விட்டது என்பவை எளிய வழக்குகள். 250 ஜிபி வட்டை அப்படியே 1 டெராபைட்டுக்கு நகலெடுத்தால் பார்ட்டிஷன் 250-லேயே நிற்கும், நகல் என்றால் அதுதானே. அதை நீட்டிக்க முயன்றால் பட்டன் மங்கிக் கிடக்கும், ஏனென்றால் நடுவில் ஒரு மீட்புப் பார்ட்டிஷன் குறுக்கே படுத்திருக்கும். லினக்ஸ் நிறுவப் பயன்படுத்திய 64 ஜிபி பென் டிரைவ் பிறகு சில எம்பி என்று தெரிவதும் அட்டவணை விவகாரமே. டிஸ்க்பார்ட்டில் அந்த டிரைவைத் தேர்ந்தெடுத்து கிளீன் கட்டளை கொடுத்தால் தீரும். தேர்ந்தெடுத்தது பென் டிரைவைத்தானா என்று இரண்டு முறை பாருங்கள். அந்தக் கட்டளை உறுதி கேட்காது.

கோப்புகளைக் கூட்டினால் 300 ஜிபி, ஆனால் 450 ஜிபி செலவாகியிருக்கிறது என்றால் ரீஸ்டோர் பாயிண்டுகளின் நிழல் நகல்கள், ஹைபர்னேட் கோப்பு, பேஜ் ஃபைல் ஆகியவற்றைத் தேட வேண்டும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறைமை, சொல்லாவிட்டால் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். 1 டெராபைட்டில் 50 ஜிபி அது. சின்னக் கோப்புகளின் கணக்கு இன்னும் வேடிக்கை. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பெரிய பென் டிரைவில் ஒரு கோப்பு எவ்வளவு சிறியதானாலும் குறைந்தது 128 கிலோபைட் இடத்தைப் பிடிக்கும். 2 கிலோபைட் கோப்புகள் ஒரு லட்சம் இருந்தால் உள்ளடக்கம் 200 எம்பிதான், பிடிக்கும் இடம் 12 ஜிபி. அதே கோப்புகள் என்டிஎஃப்எஸ் வட்டில் 400 எம்பிக்குள் அடங்கிவிடும்.

வட்டே குறைத்துச் சொன்னால்

இதுவரை வட்டு சொன்னது சரி, கேட்டவர்கள்தான் தவறாகக் குறித்தார்கள். வட்டே தவறான எண்ணைச் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. அவற்றில் ஒன்று சட்டபூர்வமானது. தன் கடைசிப் பகுதியை மறைத்துக்கொண்டு அளவைக் குறைத்துச் சொல்லும்படி வட்டுக்குக் கட்டளையிட ஏடிஏ தரத்திலேயே வழி இருக்கிறது. ஹோஸ்ட் புரொடெக்டெட் ஏரியா என்று அதற்குப் பெயர். மடிக்கணினி நிறுவனங்கள் மீட்பு மென்பொருளை அங்கே ஒளித்து வைத்தன. சில மதர்போர்டுகள் தங்கள் பயாஸின் நகலை, யாரையும் கேட்காமல், முதல் வட்டின் வாலில் எழுதி வைத்தன. லினக்ஸில் எச்டிபார்ம் என்ற கருவியால் கேட்டால் இரண்டு எண்கள் வரும்: வட்டு இப்போது ஒப்புக்கொள்ளும் அளவு, அதன் பிறவி அளவு. உதாரணமாக, 1,953,523,055-க்கும் 1,953,525,168-க்கும் உள்ள வித்தியாசம் 2,113 செக்டர், ஏறத்தாழ ஒரு எம்பி. வீட்டுக் கணினியில் இது யாருக்கும் தெரியாமலே போகும். பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு அமைப்பில் இருக்கும் வட்டுக்கு அந்த ஒரு எம்பிதான் உயிர். தன் உறுப்பினர் அடையாளத்தை வாலில் எழுதி வைத்திருக்கும் வட்டு திடீரென்று அடையாளம் இழந்து நிற்கும். அதே கருவியால் பிறவி அளவைத் திரும்பக் கொடுக்கலாம்.

மற்றவை நோய்கள். ஒரு வட்டு தன்னைப் பற்றி அறிந்ததெல்லாம் சர்க்யூட் பலகையில் இருப்பதில்லை. அதில் பெரும்பகுதி, நாம் அணுக முடியாத தனிப் பகுதியில், சுழலும் தகடுகளின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்த செக்டர் எங்கே இருக்கிறது, பழுதானதற்குப் பதில் எது என்ற அட்டவணைகள் அங்கேதான். அதைப் படிக்க முடியாமல் போனால் வட்டுக்குத் தன் பெயர் தெரியும், அளவு தெரியாது. 2009 ஜனவரியில் சீகேட் தன் பராக்குடா 7200.11 வரிசையில் ஃபர்ம்வேர் கோளாறு இருப்பதை ஒப்புக்கொண்டது. அந்தக் கோளாறு கண்ட வட்டுகளில் சில பயாஸுக்குத் தெரியவே இல்லை. சில பூஜ்யம் என்று அளவு சொல்லின. தகடுகளிலிருந்த தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை அடையும் வழிதான் அடைபட்டது. எஸ்எஸ்டி உலகில் இதன் தம்பி 2011-ல் வந்தது. இன்டெல் 320 வரிசை எஸ்எஸ்டிகளில் சில, திடீர் மின்தடைக்குப் பிறகு எழுந்தபோது தங்களை 8 எம்பி என்று அறிமுகப்படுத்திக்கொண்டன. சில வாரங்களில் இன்டெல் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. ஏற்கெனவே 8 எம்பி ஆகிப்போன வட்டுகளின் தரவுக்கு அது உதவவில்லை.

பூஜ்யம், 8 எம்பி, 32 எம்பி என்று எந்தச் சுவரோடும் பொருந்தாத குட்டி எண்ணைக் கண்டால், வட்டுக்குத் தன் நினைவு தப்பியிருக்கலாம் என்று சந்தேகியுங்கள். உள்ளே தேவையான தரவு இருந்தால் ஃபார்மேட், பார்ட்டிஷன், செக் டிஸ்க் எதுவும் வேண்டாம். கேபிளை மாற்றி, வேறு கணினியில் ஒரு முறை பாருங்கள். அதன் பிறகும் அதே எண் என்றால் தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பது தேய்ந்த ஹெட்டுக்குக் கெடுதல்.

அதிகமாகச் சொன்னால்

அளவு குறைந்தால் எல்லாரும் பதறுகிறோம். கூடினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்கு 16 டெராபைட் எஸ்எஸ்டி என்று விற்கிறார்கள். மாட்டினால் விண்டோஸும் 16 டெராபைட்டுக்கு உரிய எண்ணையே காட்டும். வட்டு சொல்வதைக் கணினி நம்புகிறது என்பதை நினைவில் வைத்தால் இதில் மர்மமில்லை. உள்ளே இருப்பது ஒரு சின்ன மெமரி கார்டு. அதன் கன்ட்ரோலரில் எண்ணை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். உண்மையான கொள்ளளவு முடியும்வரை எழுதியது எல்லாம் நன்றாகத் திறக்கும். அதற்கு மேல் எழுதியது எங்கும் சேராமல் மறையும், அல்லது தொடக்கத்தில் இருந்ததை அழித்து எழுதும். கோப்பின் பெயரும் அளவும் பட்டியலில் ஒழுங்காக நிற்கும். திறந்தால்தான் தெரியும்.

இதைப் பிடிக்க ஒரே வழி உண்மையாகவே அளந்து பார்ப்பது. வட்டு முழுவதையும், இடத்துக்கு இடம் வேறுபடும் தரவால் நிரப்பி, பிறகு முதலிலிருந்து படித்து ஒப்பிட வேண்டும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற ஜெர்மானியக் கருவியும், லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற கருவியும் இதைச் செய்யும், இரண்டும் இலவசம். பொறுமை வேண்டும். வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டெராபைட்டை நிரப்பவே இரண்டே முக்கால் மணி நேரம். திரும்பப் படிக்க இன்னும் அவ்வளவு. இரவு உறங்கப் போகும் முன் தொடங்கிவிடலாம். வாங்கிய வாரத்திலேயே செய்தால், தேறாத சரக்கைத் திருப்பி அனுப்பக் கால அவகாசமும் இருக்கும். திருப்பி எடுக்க மறுத்தால், கருவி கண்டறிந்த உண்மை அளவுக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுப் பாட்டுக் கேட்கவாவது வைத்துக்கொள்ளலாம். கல்யாண வீடியோவை அதில் வைக்காதீர்கள்.